நின்று கேட்கும் நடை

1

புதுவையில் இருந்து இதைப் படிப்பவர்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். ஆண்டுதோறும் தை மாதக் கடைசியில், குருசுக்குப்பத்தில் மேத்ரு ஞானமுத்துவின் நினைவு நாளன்று, பேண்டு வாசிப்பவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, கேட்பவர்கள் அனைவரும் சுற்றி நிற்கிறார்களே, அது ஏன்?

விடை உங்களுக்குத் தெரியுமானால் நீங்கள் என்னினும் மேலானவர்கள். இளமையில் அந்தத் தெருவில் பல முறை நின்றவன் நான். ஆயினும் ஏன் நிற்கிறோம் என்று ஒரு முறையும் எண்ணிப் பார்த்ததில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, பாரிசு மாநகரின் வடபுறத்துப் புறநகரில், ஒரு பிரெஞ்சு அம்மையார் கேட்டபோதுதான் எனக்கு விடை தெரியாது என்பதே தெரிய வந்தது.

அந்தப் புறநகரில்தான் நான் நெடுங்காலமாக வாழ்கிறேன். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். காலையில் வெதுப்பகத்துக்கு நடந்துபோய் ரொட்டி வாங்குவதும், ஞாயிறு தோறும் தமிழ் வகுப்பு எடுப்பதும் என் வாடிக்கை. வகுப்புக்கு வரும் பிள்ளைகள் "வணக்கம் ஐயா" என்று தொடங்குவார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பியதும் பிரெஞ்சுக்குப் போய்விடுவார்கள். என் மகளும் அப்படி வளர்ந்தவளே. தமிழ்ச்செல்வி என்று ஆசையோடு பெயரிட்டேன். அவள் பணியாற்றும் பல் மருத்துவமனையில் அவள் சில்வி. அதைக் குறித்து வருந்திய காலம் போய்விட்டது. இப்போது மருத்துவமனைக்குத் தொலைபேசினால் நானே சில்வியைத்தான் கேட்கிறேன்.

எங்கள் நகராட்சி நூலகத்தில் ஒவ்வோர் இளவேனிலும் ஒரு மாலை நிகழ்ச்சி உண்டு. ஊரில் குடியேறி வாழும் பல நாட்டவருள் ஆண்டுக்கு ஒரு சாரார், தம் நாட்டில் மாந்தர் சமவுரிமைக்காகப் போராடிய ஒருவரைச் சொல்லாலும் இசையாலும் நினைவுகூர்வார்கள். இம்முறை வாய்ப்பு புதுச்சேரியாருக்கு வந்தது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. யாரை நினைவுகூர்வது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை.

நூலகத்தில் நிகழ்ச்சிகளைக் கவனிப்பவர் மதாம் கொலெத். மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் எப்போதும் விண்ணப்பப் படிவம். தலைவரின் பெயரைக் கேட்டார். "மேத்ரு ஞானமுத்து" என்றேன்.

அவர் எழுதுகோலை நிறுத்தினார். பிரெஞ்சில் அந்தச் சொல் ஆண்டானையும் குறிக்கும். "உரிமைக்குப் போராடியவரை நீங்கள் ஆண்டான் என்றா அழைக்கிறீர்கள்?"

"இல்லை அம்மா. அவர் வழக்கறிஞர். எங்கள் ஊரில் வழக்கறிஞருக்கு உங்கள் மொழியிலிருந்து நாங்கள் எடுத்துவைத்துக்கொண்ட மரியாதைச் சொல் அது."

அந்தத் தடையைத் தாண்டினோம். அடுத்த கேள்வி இருக்கைகளைப் பற்றியது.

"இசைக்கலைஞர்களுக்கு ஐந்து நாற்காலி போதும்" என்றேன்.

"பார்வையாளர்களுக்கு?"

"வேண்டா. அவர்கள் நிற்பார்கள்."

"ஏன்?"

"எங்கள் ஊரில் அப்படித்தான்" என்றேன். மதாம் கொலெத் படிவத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதாமல், சிறிய கேள்விக்குறி ஒன்றை மட்டும் இட்டுவைத்தார். அந்தக் கேள்விக்குறியைச் சுமந்துகொண்டுதான் நான் வீடு திரும்பினேன்.

2

மேத்ரு ஞானமுத்துவை நான் நேரில் கண்டதில்லை. நான் பிறப்பதற்கு முன், பிரெஞ்சுக்காரர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால், அறியாதவர்களுக்கும் அவர் யாரென்று விளங்கிவிடும்.

ஊருக்கு வெளியே குடியிருத்தப்பட்டவர்கள் கால் வைக்கக் கூடாது என்றிருந்த பெரிய தெரு ஒன்று நகருக்குள் இருந்தது. சட்டத்தில் அப்படி எதுவுமில்லை, வழக்கத்தில் இருந்தது. அவர்களுள் ஒருவராகப் பிறந்து, படித்து, கறுப்பு அங்கி அணிந்த ஞானமுத்து ஒரு நாள் காலை தம் மக்களை அழைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நுழைந்தார். முன்னால் பேண்டு, பின்னால் அவர், அவருக்குப் பின்னால் ஆண்களும் பெண்களும். பேண்டுக்காரர்கள் வாசித்த மெதுவான நடை ஒன்று உண்டு. இன்றும் அதற்கு மேத்ரு நடை என்றே பெயர். இறுதி ஊர்வலத்துக்குரியதும் அன்று, திருமணத்துக்குரியதும் அன்று. இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும் ஓர் ஓசை.

பாதித் தெருவில் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் வழிமறித்து, "போவதென்றால் போங்கள், ஏன் இப்படி ஊர்கிறீர்கள்?" என்று கேட்டாராம். அதற்கு மேத்ரு சொன்னதாக எங்கள் ஊர் இன்றும் சொல்லிச் சிரிப்பது இது: "வழியெல்லாம் எங்களுக்குப் புதுசு முசியே. பார்த்துக்கினு போறோம்."

பிற்காலத்தில் பள்ளியில் பிள்ளைகளைத் தரையிலிருந்து பெஞ்சுக்கு ஏற்றியதும், பொதுக் குழாயில் குடம் வைக்கும் உரிமையைப் பெற்றுத் தந்ததும் அவரே. ஆனால் நினைவு நாளில் இவற்றை யாரும் வரிசைப்படுத்திப் பேசுவதில்லை. நடையை வாசிப்பார்கள். இடையில் ஒருவர் சுருக்கமாக நாலு வார்த்தை சொல்வார். மீண்டும் நடை. அவ்வளவே. வாசிப்பவர் அமர்வர், பிறர் நிற்பர்.

இதில் வியப்பு என்னவென்பது நம் ஊரை அறிந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆண்டு முழுவதும் நடப்பது இதற்கு நேர்மாறு. திருமணமாயினும் இறுதிச் சடங்காயினும் பேண்டுக்காரர்கள் தெருவில் நிற்பார்கள். பந்தலுக்குள் நாற்காலி பிறருக்கு.

3

குளிர்காலத்தில் ஊருக்குப் போவது என் வழக்கம். இம்முறை மகளும் உடன் வந்தாள். அவள் எங்கள் நகராட்சி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். நூலக நிகழ்ச்சியில் மேத்ரு நடையை வாசிக்க அவளும் குழுவினர் நால்வரும் இசைந்திருந்தார்கள். ஆனால் அந்த நடை எழுத்தில் இல்லை. வாசிப்பவரிடம் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் தங்கை வீட்டில் இறங்கினோம். வந்த முதல் மாலையே என் கேள்வியைத் தங்கை கணவர் கலியமூர்த்தியிடம் வைத்தேன். அவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் விடை இல்லை என்று சொல்லி அறியாதவர்.

"இது ஒரு கேள்வியா மச்சான்? எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். அவன் நாட்டுப் பாட்டுக்கு எழுந்து நிப்பான்ல, அத பாத்து நம்மாளுங்களும் நின்னுட்டாங்க."

"அப்படியாயின் வாசிப்பவரும் அல்லவா நின்றிருக்க வேண்டும்?"

கலியமூர்த்தி விடவில்லை. "அப்ப இன்னொண்ணு. எல்லாரும் உட்கார்ந்திருந்தா பேசறவன் நிறுத்தவே மாட்டான். நிக்கிறவங்க முன்னாடி எவ்ளோ நேரம் பேசுவ? உன்ன மாரி ஆளுங்கள மனசுல வெச்சித்தான் செஞ்சிருப்பாங்க."

உள்ளே இருந்த தங்கை உரக்கச் சிரித்தாள். மகளுக்கு முழுவதும் விளங்கவில்லை. ஆயினும் என்னைத்தான் சொல்கிறார்கள் என்பது விளங்கி அவளும் சிரித்தாள்.

மறுநாள் எத்திராசுவைக் காணச் சென்றோம். குருசுக்குப்பத்து மீனவக் குடும்பத்தவர். தட்டாஞ்சாவடியில் ஓர் இரும்புப் பட்டறையில் பகல் வேலை. மாலையில் பேண்டில் கிளாரினெட். என் மகளுக்கு ஏறத்தாழ ஒத்த வயது. மேத்ருவின் நினைவு நாளில் பேண்டை நடத்துபவர் அவர்தாம். நண்பகல் இடைவேளையில் பட்டறைக்கு வெளியே வேப்பமர நிழலுக்கு வந்தார். பையில் கருவியைக் கொண்டுவந்திருந்தார்.

நாங்கள் அமர இரண்டு முக்காலிகளைத் துடைத்து வைத்தார். மகள் அவரைப் பார்த்து, "நீ உட்காருங்க" என்றாள்.

எத்திராசு விழுந்து விழுந்து சிரித்தார். "பாதி மரியாதையாவது குடுத்தீங்களே மதாம், அது போதும்."

நான் வந்த நோக்கத்தைச் சொன்னேன். அந்நடையின் தோற்றம், அதனை நின்று செவிமடுக்கும் மரபின் காரணம் ஆகியவற்றை ஆராய விழைகிறேன் என்றேன்.

"ஐயா, நீங்க பேசறது ரேடியோ செய்தி மாரியே கீது. கேக்க நல்லாத்தான் இருக்கு. அடுத்து வானிலையும் சொல்வீங்களோன்னு பாத்தேன்."

"ஏன் நிற்கிறார்கள் எத்திராசு?"

"அதுவா?" அவர் கருவியின் துண்டுகளைப் பொருத்திக்கொண்டே சொன்னார்: "எனக்கு யாரும் சொல்லித் தர்ல. நானா நெனச்சிக்கினது ஒண்ணு இருக்கு. நாங்க ஒரு கல்யாணத்துக்குப் போனா மூணு மணி நேரம் நிப்போம். சாவுக்குப் போனா வீட்டு வாசல்லயும் நிப்போம், சுடுகாடு வரைக்கும் நடப்போம். கால் வலிக்குதான்னு ஒருத்தனும் கேட்டதில்ல. வருஷத்துல ஒரு நாள் நீங்க நின்னு பாருங்களேன். கால் வலிச்சாத்தான் நடந்தவங்க நெனப்பு வரும்."

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "குறிச்சிக்கங்க. ஆனா மேத்ரு சொன்னாருன்னு எழுதிடாதீங்க. பட்டறையில எத்திராசு சொன்னான்னு எழுதுங்க" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

பிறகு நடையை வாசித்தார். மகள் தன் கருவியில் திருப்பி வாசித்தாள். சுரங்கள் சரியாகத்தான் இருந்தன. எத்திராசு கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மதாம், வேகமா போறீங்க. இப்படி வாசிச்சா ஓடற மாரி இருக்கும். அவரு ஓடல."

மகள் மீண்டும் வாசித்தாள்.

"இன்னும் மெதுவா. தெருவுல ஒவ்வொரு வீடா பாத்துக்கினு போங்க."

"எந்த வீடு?" என்றாள் மகள். "நான் அந்தத் தெருவைப் பார்க்கலையே."

"அவங்களும்தான் பாத்ததில்ல. அதான் மெதுவா போனாங்க."

மூன்றாம் முறை அவள் வாசித்தபோது பட்டறைக்குள் சம்மட்டி ஓசை நின்றது. இருவர் வாசலுக்கு வந்து நின்றார்கள். அங்கே வேறு முக்காலி இரண்டு வெறுமனே கிடந்தும் அவர்கள் அமரவில்லை. நான் அதைக் கவனித்தேன்; அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

கிளம்பும்போது எத்திராசு ஒன்று சொன்னார். "நடையை எடுத்துக்கினு போறதுக்கு நான் சரின்னு சொல்ல முடியாது ஐயா. அற்புதம்மா சொல்லணும்."

4

அற்புதம் அக்கா மேத்ருவின் ஒரே மகள். அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்தவர். எண்பதைக் கடந்தும் தம் தந்தையின் நினைவு நாளுக்குத் தவறாமல் குருசுக்குப்பத்துக்கு வந்துவிடுகிறார். மேத்ரு மறைந்த அடுத்த ஆண்டு நகரத்து மண்டபங்கள் எவையும் நினைவுக் கூட்டத்துக்கு இடம் தரவில்லை. குருசுக்குப்பத்து மீனவர்கள்தாம் தங்கள் தெருவைத் தந்தார்கள். அன்று முதல் அங்கேதான் நடக்கிறது.

அவ்வாண்டு நினைவு நாளும் வந்தது. வலைகளை ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். கடற்காற்றில் தாள் தோரணம் படபடத்தது. நடுத்தெருவில் பேண்டுக்காரர்கள் நெகிழி நாற்காலிகளில் அமர்ந்து வாசிக்க, மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு நின்றார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வந்து அவரும் ஓரமாக நின்றார். அற்புதம் அக்கா ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்த பிறகு, பேண்டுக்காரர் ஒருவர் காலி செய்த நாற்காலியில் அவரை அமர்த்தி, அருகில் போய் என் கேள்வியைக் கேட்டேன்.

"ஏன் நிக்கிறாங்களா?" அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதக் கேக்கவா தம்பி பிரான்சுலேந்து வந்த?"

"ஆம் அக்கா. அங்கே ஒருவர் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை."

"பெரிய காரணம் இருக்கும்னு நெனச்சிக்கினு வந்திருப்ப. ஒண்ணுமில்ல. மொத வருஷம், டீக்கடைக்காரரு குடுத்த அஞ்சாறு நாற்காலிதான் இருந்துச்சு. பேண்டுக்காரங்க அன்னைக்கு ஒரு சாவுக்கு வாசிச்சிட்டு, சுடுகாட்டுலேந்து நேரா நடந்து வந்தாங்க. பாவம், நிக்க முடியல. உட்காருங்கன்னு சொன்னோம். அவங்க மாட்டேன்னாங்க, பழக்கமில்லல்ல. எங்கப்பா உசுரோட இருந்தப்போ வாசிக்கிறவங்கள உட்கார வெக்காம பேசவே மாட்டாரு. நான் அதச் சொல்லித்தான் கையப் புடிச்சி உட்கார வெச்சேன். மத்தவங்களுக்கு நாற்காலி இல்ல. நின்னாங்க. அவ்ளோதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். அடுத்த வருஷம் வாடகைக்கு எடுத்து நெறைய நாற்காலி போட்டோம். ஜனங்க வந்தாங்க. பேண்டுக்காரங்க போயி உட்கார்ந்தாங்க. மத்தவங்க ஒருத்தரும் உட்காரல."

"ஏன் அக்கா?"

"யாரு மொதல்ல உட்காருறதுன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினே நின்னாங்க." அக்கா சிரித்தார். "அப்படியே முடிஞ்சிபோச்சு. யாராவது ஒருத்தரு துணிஞ்சி உட்கார்ந்திருந்தா இந்தப் பழக்கமே வந்திருக்காது. ஒருத்தரும் உட்காரல. அதுக்கப்பறம் நாற்காலி எடுத்தாறதையே விட்டுட்டோம்."

நான் ஆராய்ச்சி மனத்தோடு வந்தவன். இவ்விடையைக் கேட்டு ஏமாற்றம் அடைந்திருக்க வேண்டும். மாறாக, என் ஆவல் பெருகியது. முதல் ஆண்டு நின்றதற்குக் காரணம் உண்டு: இருக்கை இல்லை. இரண்டாம் ஆண்டு நின்றதற்கு? அந்த மக்களின் உள்ளத்தில் அன்று என்ன ஓடிற்று? அதை அக்காவாலும் சொல்ல இயலவில்லை. "எனக்கும் உட்காரத் தோணல" என்று மட்டும் சொன்னார்.

பிறகு என் மகளை அருகில் அழைத்தார். "நீதான் வாசிக்கப் போறியா?"

"ஆமா அத்தை."

"நல்லா வாசிக்கிறன்னு எத்திராசு சொன்னான். எடுத்துக்கினு போ. ஆனா ஒண்ணு." என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கிட்டதான் சொல்றேன். வாசிக்கிற பொண்ண உட்கார வெக்கணும். கேக்கறவங்க நிக்கணும். கால் மேல கால் போட்டுக்கினு உட்கார்ந்து கேக்கறதுன்னா அதுக்கு எங்கப்பா நடை வேணாம், வேற எதனா வாசிச்சிக்கங்க."

"அவ்வாறே செய்வேன் அக்கா. இது என் உறுதி."

"தமிழ்ல சொல்லு தம்பி" என்றார் எத்திராசு, பின்னாலிருந்து, அக்காவைப் போலவே குரலை மாற்றி.

5

வாக்குக் கொடுப்பது எளிது. பிரெஞ்சு நாட்டில் ஒரு நாற்காலியை அப்புறப்படுத்துவது அத்தனை எளிதன்று.

மதாம் கொலெத்திடம் நான் அறிந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஆர்வத்தோடு கேட்டார். டீக்கடை நாற்காலிப் பகுதியை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் மறுக்கப் போகிறார் என்று பொருள்.

எங்கள் மண்டபம் அமர்ந்து கேட்கும் நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே இசைவு பெற்றதாம். நின்று கேட்பதற்கு வேறு வகை இசைவு, வேறு காப்புறுதி, வாயிலில் தீயணைப்புப் பயிற்சி பெற்ற காவலர் ஆகியவை வேண்டுமாம். அவற்றுக்கு விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டுதான் விடை வரும். "மேலும், வருபவர்களில் பாதிப்பேர் முதியவர்கள். நிற்கச் சொல்லி ஒருவர் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? நாற்காலிகள் போடப்படும். நிற்கும்படி மேடையிலிருந்து யாரும் கேட்கக் கூடாது. எனக்கு உங்கள் வாக்கு வேண்டும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. வாக்குக் கொடுத்தேன். ஆக, குருசுக்குப்பத்தில் ஒரு வாக்கு, நூலகத்தில் அதற்கு நேரெதிரான ஒரு வாக்கு. நடையை விட்டுவிட்டு வேறு ஏதேனும் வாசிக்கலாமா என்று மகளிடம் கேட்டேன். அவள் அன்றைய பயிற்சியை முடித்துக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ப்பா. நாம நடையே வாசிப்போம்."

"அவர்கள் அமர்ந்திருந்தால்?"

"தெரியல. பார்க்கலாம்."

அவள் குரலில் கவலை இல்லை. எனக்கு இருந்தது. நிகழ்ச்சிக்கு முதல் நாள் வரை, அற்புதம் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து நிலையைச் சொல்லிவிடலாமா என்று எண்ணுவதும், எண்களைப் பாதிவரை அழுத்தி நிறுத்துவதுமாக இருந்தேன்.

6

அம்மாலை மண்டபம் நிறைந்தது. நம்மவர்கள் பட்டிலும் குளிர்மேலங்கியிலும் வந்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள், மாலி நாட்டார், என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் என அனைவரும் அமர்ந்தார்கள். நாற்காலிகள் மெத்தையிட்டவை, கேட்கவா வேண்டும். முன்னே சமதரையில் ஐந்து நாற்காலிகளில் மகளும் குழுவினரும் இருந்தார்கள். என் கையில் பல பக்கத்துக்கு எழுதிய உரை. நானும் முதல் வரிசையில் அமர்ந்திருந்தேன். வேறு வழி தெரியவில்லை.

மண்டபத்தில் நின்றவர் ஒருவரே. பணி நிமித்தம் கதவருகே நின்றிருந்த மதாம் கொலெத்.

விளக்குகள் தணிந்தன. பேச்சு அடங்கியது. மகள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றே தாழ்த்தி, அப்படியே இருந்தாள். மற்ற நால்வரும் அவளைப் பார்த்துவிட்டு அவளைப் போலவே இருந்தார்கள். தொடங்கவில்லை.

யாரோ இருமினார்கள். நேரம் நீண்டது. தாமதம் எதனால் என்று அறியப் பின்வரிசையில் ஒரு முதிய பிரெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார். கதவருகே மதாம் கொலெத் கைகளைக் கோத்துக்கொண்டு நேராக நிற்பது அவர் கண்ணில் பட்டது. முன்னே தலை தாழ்த்திய இசைக்கலைஞர்கள். பின்னே நிற்கும் அலுவலர். மறைந்த ஒரு தலைவரின் நினைவு. இந்நாட்டில் இறந்தோருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று அமைதி காக்கும் வழக்கம் உண்டு. அவர் அதுவென்றே கொண்டார். மெல்ல எழுந்தார். அவர் மனைவி எழுந்தார். அருகிலிருந்த மாலி நாட்டார் எழுந்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிடும் ஓசை பின்னிருந்து முன்னோக்கி வந்தது. நம்மவர்கள் எதற்கென்று அறியாமலே எழுந்தார்கள். நானும் எழுந்தேன். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்பதற்கு மதாம் கொலெத்தே சான்று. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்துக் கையை விரித்தேன்.

அப்போது மகள் கருவியை உயர்த்தினாள்.

அவள் மெதுவாக வாசித்தாள். மிக மெதுவாக. தான் கண்டிராத தெருவில் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு போவதுபோல வாசித்தாள். அமைதி காத்தல் முடிந்துவிட்டது, இனி அமரலாம் என்று அனைவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். முதிய பிரெஞ்சுக்காரர் நாற்காலி முதுகில் கை வைத்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்தார். யார் முதலில் அமர்வது?

ஒருவரும் அமரவில்லை.

அற்புதம் அக்காவாலும் சொல்ல இயலாத அந்த இரண்டாம் ஆண்டு என் கண் முன்னே நடந்துகொண்டிருந்தது.

நடையின் முதற்பகுதி முடிந்து நான் பேச வேண்டிய முறை வந்தது. முன்னே போய்த் திரும்பினேன். என் உரையைப் பார்த்தேன், நிற்பவர்களைப் பார்த்தேன். கலியமூர்த்தி மாப்பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெருவில் நடந்ததை மட்டும் பிரெஞ்சில் சொன்னேன். அதிகாரி ஏன் இப்படி ஊர்கிறீர்கள் என்று கேட்டதையும், மேத்ரு சொன்ன விடையையும் சொன்னேன். மண்டபம் முழுவதும் சிரிப்பு. சிரித்து முடிந்த முகங்கள் மெல்ல மாறுவதையும் கண்டேன். மேற்கொண்டு ஒரு சொல்லும் சேர்க்காமல் திரும்பினேன். மகள் நடையின் மீதியைத் தொடங்கினாள். முடியும்வரை நின்றார்கள்.

எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கும்போது மதாம் கொலெத் என் அருகில் வந்தார். "நான் எந்த விதியையும் மீறவில்லை" என்றார்.

"நானும்தான் அம்மா."

"நீங்கள் காரணம் சொன்னபோது எனக்குச் சரியாகப் புரியவில்லை. இப்போதும் புரிந்ததென்று சொல்ல மாட்டேன்" என்றவர், கையிலிருந்த நாற்காலியை அடுக்கின் மேல் வைத்தார். "ஆனால் எனக்கும் அமரத் தோன்றவில்லை."

வீட்டுக்கு வரும் வழியில், ஏன் அவ்வளவு நேரம் தொடங்காமல் இருந்தாய் என்று மகளைக் கேட்டேன். அவர்கள் எழுவார்கள் என்று அறிந்தா இருந்தாய்?

"இல்லப்பா. அந்த அத்தை சொன்னாங்கல்ல, வாசிக்கிறவங்கள உட்கார வெக்காம அவங்க அப்பா பேச மாட்டாருன்னு. கேக்கறவங்க நிக்கணும்னும் சொன்னாங்க. நாங்க உட்கார்ந்துட்டோம். நீங்க எல்லாரும் உட்கார்ந்திருந்தீங்க. எனக்கு ஆரம்பிக்க வரல. அவ்ளோதான்."

மறுநாள் எத்திராசுவைத் தொலைபேசியில் அழைத்தேன். பின்னணியில் பட்டறை இரைச்சல். வெளியே வந்து பேசினார்.

"நின்னாங்களா ஐயா?"

"நின்றார்கள்."

"எல்லாருமா?"

"சக்கர நாற்காலியில் வந்த பெரியவர் ஒருவரைத் தவிர அனைவரும்."

"அவரு கணக்குல வரமாட்டாரு. நீங்க சொல்லி நின்னாங்களா?"

"இல்லை. வேறொன்று என்று எண்ணிக்கொண்டு எழுந்தார்கள். பிறகு, யார் முதலில் உட்காருவது என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்கள்."

மறுமுனையில் சிரிப்பு எழுந்து நெடுநேரம் அடங்கவில்லை. "இருங்க, சாயங்காலம் அற்புதம்மாகிட்ட போயி இத அப்படியே சொல்றேன்" என்றார். பிறகு, "நீங்க?" என்றார்.

"நான் என்ன?"

"நீங்களும் நின்னீங்கல்ல. கால் வலிச்சுதா?"

முழங்கால் அப்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

"வலிச்சுதுப்பா" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, எத்திராசு வேலைக்குத் திரும்பினார்.